நாலாவது பாட்டில் வழிந்த கண்ணீர் பற்றிய விசாரணை

தூத்துக்குடியில் ராக், ஜாஸ் ஆல்பங்களுக்கு மதிப்புரை எழுத ஒரு பேரவை இருக்கிறது என்கிற விஷயம் இசக்கிராஜாவுக்கு நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. தெரியாமலே அவர் நன்றாகத்தான் இருந்தார்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு எடைமேடையில் அவருக்கு வேலை. நிலக்கரி லாரி மேடையில் ஏறும், நிற்கும். எண்ணைப் பார்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். லாரி இறங்கிப் போகும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பார். வாலிப வயதில் யாரோ கப்பல்காரர் விட்டுப்போன ஒரு கேசட்டில் பிடித்த பழக்கம். கேட்டதைப் பற்றி வாட்ஸப் குழுவில் இரண்டு வரி போடுவார். ‘இந்த டிரம்ஸ்காரன் மழைக்கு முன்னால கொடித் துணி எடுக்க ஓடுத மாதிரி அடிக்கான். நல்லா இருக்கு.’ ‘பியானோக்காரருக்கு முதல் பாட்டுல பல்வலி. மூணாவது பாட்டுல சரியாயிருது. பொறுமையாக் கேளுங்க.’ இவ்வளவுதான். முந்நூறு பேர் இதை வாசித்துவிட்டுப் பாட்டைத் தேடிக் கேட்டார்கள்.

இப்படி இருந்தவருக்கு ஒருநாள் பதிவுத் தபால் வந்தது. தென்கடல் ராக் மற்றும் ஜாஸ் இசைத்தொகுப்பு மதிப்புரையாளர் பேரவை. உறுப்பினராகச் சேரும் தகுதி தங்களுக்கு உண்டா என்று பரிசீலிக்கப் பேரவை இசைவு தெரிவித்துள்ளது, நேரில் வரவும் என்று இருந்தது. பேரவை விதிப்படி பதினொரு உறுப்பினர் இருந்தாக வேண்டும். பதினோராவது ஆள் மகளோடு மஸ்கட்டுக்குக் குடிபோய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பேரவைத் தலைவர் கொரைரா, கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்து ஓய்வுபெற்றவர். அவருடைய பங்களா மாடிதான் அலுவலகம். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. நாலு சுவரிலும் கண்ணாடி அலமாரி, அலமாரி நிறைய இசைத்தட்டு. இசக்கிராஜா வாயைப் பிளந்துவிட்டார்.

“எத்தனை தொகுப்பு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார் செயலாளர் கிருபாநிதி. எந்நேரமும் பேனா மூடியைக் கழற்றியே வைத்திருக்கிற மனிதர்.

“கேட்டது ஒரு எழுநூறு, எண்ணூறு இருக்கும் சார்.”

“கேட்டதைக் கேட்கவில்லை. வைத்திருப்பதைக் கேட்கிறேன்.”

“வச்சிருக்கதுன்னா... ஒரு போன் வச்சிருக்கேன்.”

தலைவர் பரிதாபமாகச் சிரித்தார். “தம்பி, இங்கன நாலாயிரத்து முந்நூறு இருக்கு. ஒண்ணுகூடப் பிரிக்கல. பாலிதீன் உறையோட அப்படியே இருக்கு. பிரிச்சா உப்புக்காத்து பட்டுரும்.”

“அப்ப எப்படி சார் கேப்பீங்க?”

கிருபாநிதி எதையோ எழுதி அடிக்கோடிட்டார். பதினோராவது ஆள் அவசரமாகத் தேவைப்பட்டதால் இசக்கிராஜாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்தில் விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள். ‘நல்லா இருக்கு’ என்று எழுதக் கூடாது. ‘பிடித்திருக்கிறது’ கூடாது. ‘பாட்டு’ என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும், ‘ஒலிப்பரப்பு’ எனலாம். ஒவ்வொரு மதிப்புரையிலும் ‘அகத்துடிப்பு’ மூன்று முறையும் ‘தளமுறிவு’ இரண்டு முறையும் வர வேண்டும். யாரும் கேள்விப்படாத நார்வே நாட்டுத் தொகுப்பு ஒன்றோடு ஒப்பிட வேண்டும். கடைசியாக, எந்தத் தொகுப்பை எடுத்தாலும் இதற்கு முந்தைய தொகுப்பே சிறந்தது என்று சொல்லியாக வேண்டும்.

இசக்கிராஜா வீட்டுக்குக் கொண்டுவந்து உரக்கப் படித்தார். மனைவி முத்துமணி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“இவங்க எல்லாரும் என்ன வேலை பாக்காங்க?”

“பாட்டு விமர்சனம்.”

“அது தெரியுது. வேலை என்ன பாக்காங்க?”

அவர் புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார்.

*

அந்த மாதமே பெனிஷாவின் ஆல்பம் பேரவைக்கு வந்தது.

பெனிஷா, கப்பல் சரக்குக்குச் சுங்கவேலை பார்த்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள். லாரிச் சீட்டுகளை வாங்க எடைமேடைக்கு அடிக்கடி வருவாள். மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் வாசித்துப் பழகி, பிறகு கிதாருக்கு ஜெனோவையும் டிரம்ஸுக்கு இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு எட்டுப் பாட்டு போட்டிருந்தாள். ஆல்பத்துக்குப் பெயர் ‘கச்சான்’. ஆனி ஆடியில் மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற மேல்காற்றுக்குக் கடற்கரைக்காரர்கள் சொல்கிற பெயர். கொச்சியில் ஒரு இசை விழாவில் வாசிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். விண்ணப்பத்தில் ‘மதிப்புரை’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் தள்ளுபடி. கடைசி நாள், மாதக் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.

“நீங்க அதுல மெம்பராமே அண்ணாச்சி?” என்றாள். “ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

“சொல்லுதேன்மா. ஆனா அங்கன ஒரு வார்த்த சொன்னா போதாது. பதினாலு பக்கம் எழுதுதாங்க.”

பேரவையில் முதல் சிக்கல், தொகுப்பு எந்தப் பிரிவில் சேரும் என்பது. ராக் பிரிவுப் பொறுப்பாளர் பாண்டியராஜன், கிதார் இருப்பதால் தங்களுக்கு என்றார். ஜாஸ் பிரிவுப் பொறுப்பாளர் கிளைட்டன், டிரம்பெட் இருப்பதால் தங்களுக்கு என்றார். இருவரும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. தலைவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

“அவரிடம் சொல்லுங்கள், கிதார் என்பது கோபம்.”

“அவரிடம் சொல்லுங்கள், கோபப்படுகிறவர்களுக்கு விதிமுறைப் புத்தகமே தெரியாது.”

கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று இசக்கிராஜா மெதுவாகச் சொன்னார். எல்லோரும் கேட்டால் நடுநிலை கெட்டுவிடும் என்றார் கிருபாநிதி. கடைசியில் விதிப் புத்தகத்தில் ஒரு வழி கிடைத்தது. ஒருவர் மட்டும் இயர்போனில் கேட்க வேண்டும். மற்றவர்கள் கேட்கிறவரைக் கவனிக்க வேண்டும். தலை மேலும் கீழும் ஆடினால் ராக். கால் பெருவிரல் தட்டினால் ஜாஸ். எதில் எண்ணிக்கை அதிகமோ அந்தப் பிரிவு. கேட்பதற்கு யார் என்று பார்த்தால், பத்துப் பேரும் மதிப்பான ஆட்கள். புதியவர் இசக்கிராஜாதான் மிச்சம்.

நடு அறையில் நாற்காலி போட்டு அவரை உட்கார்த்தினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பாண்டியராஜன் எதிரில் நின்று தலையைப் பார்த்தார். கிளைட்டன் தரையில் பாய் விரித்துப் படுத்துக் காலைப் பார்த்தார். கிருபாநிதி நடுவில் நின்று கோடு கிழித்தார்.

முதல் பாட்டில் தலை பதினேழு, கால் நாற்பத்திரண்டு. இரண்டாவதில் தலை முந்தியது. மூன்றாவதில், தோள் ஆடியதை எதில் சேர்ப்பது என்று சண்டை வந்து பாட்டை நிறுத்தி மறுபடி போட்டார்கள்.

நாலாவது பாட்டு வந்தது. டிரம்பெட் தனியாக மேலே மேலே ஏறிப் போயிற்று. உச்சிக்கு ஒரு படி கீழே சட்டென்று நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லை, வெறும் காற்று மாதிரி ஒரு சத்தம். பிறகு கிதார், கூட்டத்தில் விட்டுப்போன பிள்ளையைத் தேடி வருகிற ஆள் மாதிரி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டே படியேறி வந்து, அதன் கையைப் பிடித்தது. அவ்வளவுதான். இசக்கிராஜா எதையும் நினைக்கவில்லை. செத்துப்போனவர்கள் யாரும் ஞாபகம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. மூக்கையும் உறிஞ்சினார்.

“நிறுத்துங்கள்!” என்றார் கிருபாநிதி.

தாளில் தலைக்கு ஒரு பத்தி, காலுக்கு ஒரு பத்தி. கண்ணுக்குப் பத்தி இல்லை.

“அவரிடம் சொல்லுங்கள், அழுகை எங்கள் பிரிவில் வராது,” என்றார் பாண்டியராஜன்.

“எங்கள் பிரிவில் கண்ணை மூடலாம். நனைக்க அனுமதி இல்லை,” என்றார் கிளைட்டன் தரையிலிருந்து.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கூட்டம் அத்தோடு கலைந்தது.

*

மூன்றாம் நாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ‘தாங்கள் 4ஆம் ஒலிப்பரப்பின்போது இரண்டு கண்களிலும், முன்னறிவிப்பின்றி...’ என்று தொடங்கியது. கூடவே கண் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். “கண்ணு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. எப்ப இப்படித் தண்ணி வந்துச்சு?”

“பாட்டுக் கேக்கும்போது.”

“அதுக்குச் சொட்டு மருந்து கிடையாதே,” என்றார் டாக்டர். எழுதித் தரவும் மறுத்துவிட்டார்.

விசாரணை நடந்தது. தலைவர் பேசினார். அவர் பேச எழுந்தபோது ஏசியையே நிறுத்தினார்கள்.

“தம்பி இசக்கிராஜா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நான் முப்பத்தோரு வருஷமா மதிப்புரை எழுதுதேன். இதுவரை ஒரு பாட்டுகூட என்னையத் தொட்டதில்ல. தொட விட்டதில்ல. கேட்டுட்டு எழுதுறது ரோட்டுல போறவனுக்கும் முடியும். கேக்காம பதினாலு பக்கம் எழுதணும். அதுக்குத்தான் அனுபவம் வேணும். எங்க வீட்டுல ஒருதடவ ரேடியோவுல ஏதோ வந்துச்சு. மனசு ஒருமாதிரி ஆச்சு. நான் என்ன செஞ்சேன்? எந்திரிச்சுப் போய் ரேடியோவ அணைச்சேன். அன்னைக்குத்தான் நான் முழு மதிப்புரையாளன் ஆனேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். இசக்கிராஜாவும் தட்டினார். ஏன் தட்டினோம் என்று அவருக்கே புரியவில்லை.

கிருபாநிதி ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். ‘எனக்கு வந்த கண்ணீர் எடைமேடையில் பட்ட நிலக்கரித் தூசியால் ஏற்பட்டதே தவிர இசையால் அல்ல என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம். இதை மதிப்புரை வெளியீட்டு விழா மேடையில் வாசித்துக் கையெழுத்துப் போட்டால், சம்பவம் நடக்காததாகக் கருதப்படும். மதிப்புரையும் வெளியாகும், மூன்றரை நட்சத்திரத்தோடு. போடாவிட்டால் மதிப்புரை இல்லை.

இசக்கிராஜா அந்தப் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். பிறகு எடைமேடைக்கு வந்த பெனிஷாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“எந்த இடத்துல அழுதீங்க?”

“கிதார் வந்து கூட்டிட்டுப் போற இடம்.”

அவள் முகம் விரிந்துவிட்டது. “அந்த இடம் வராம பதினோரு நாளு கிடந்தோம் அண்ணாச்சி. ஜெனோ கிதாரத் தூக்கிப் போட்டுட்டு மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிட்டான். நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்.” லாரிச் சீட்டுகளை எண்ணிப் பையில் வைத்தாள். பிறகு, “தூசின்னே எழுதிக் குடுத்துருங்க. கொச்சிக்குப் போகணும். அழுதது எனக்குத் தெரியும்லா,” என்றாள்.

அவளே சொன்ன பிறகு என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்தார். ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

*

அந்தச் சனிக்கிழமை காலை, ஒரு கல்யாண மண்டபத்தின் சிறிய ஹாலில் மதிப்புரை வெளியீட்டு விழா. வாசலில் பிளக்ஸ் வைத்திருந்தார்கள். தலைவர் படம் ஆள் உயரத்துக்கு. ஆல்பத்தின் அட்டை, உற்றுப் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற அளவில் ஒரு மூலையில். வரவேற்புரை, தலைமையுரை, மதிப்புரை வெளியீடு, மதிப்புரைக்கு மதிப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, பஜ்ஜி. கூட்டத்துக்கு ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து ஒரு வேனில் பாலிடெக்னிக் மாணவர்களை அழைத்து வந்திருந்தார்கள். பெனிஷாவும் ஜெனோவும் மூன்றாவது வரிசையில், டிரம்பெட் பெட்டியையும் கிதாரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு பாட்டு வாசிக்கட்டுமா சார்?” என்று ஜெனோ கேட்டதற்கு, நிகழ்ச்சி நிரலில் இசை இல்லை என்று கிருபாநிதி சொல்லிவிட்டார்.

மதிப்புரையின் முதல் வரியைத் தலைவர் வாசித்தார். “கச்சான், இக்குழுவின் முந்தைய தொகுப்பு எட்டிய உயரத்தை எட்டவில்லை.”

“இதான் சார் எங்க முதல் ஆல்பம்,” என்றாள் பெனிஷா, இருந்த இடத்திலிருந்தே.

“முந்தையது இல்லாததுதான் அம்மா இதனுடைய பெரிய குறை,” என்றார் கிருபாநிதி. மாணவர்கள் எதற்கோ கை தட்டினார்கள்.

இசக்கிராஜாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். படிவத்தைப் பையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“எனக்கு வந்த கண்ணீர், எடைமேடையில் பட்ட நிலக்கரி...”

அடுத்தது ‘தூசியால்’. சின்னச் சொல். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் ஜெனோ தலையைக் குனிந்து, கிதார் கம்பியைச் சத்தம் வராமல் விரலால் தடவிக்கொண்டிருந்தான். கடலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவன். பதினோரு நாள். இசக்கிராஜா பெனிஷாவைப் பார்த்தார். அவள் ‘வாசிங்க, வாசிங்க’ என்று கண்ணைக் காட்டினாள்.

“தூசி இல்ல சார்,” என்றார். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. “எனக்குத் தூசி எப்படி இருக்கும்னு தெரியும். இருவது வருஷமாத் தின்னுதேன். இது பாட்டு. நாலாவது பாட்டு. கேட்டேன், அழுதேன். நல்லா இருக்கு.”

பொன்னாடையைக் கிருபாநிதியே வந்து எடுத்தார். மடித்து, உறைக்குள் திரும்ப வைத்தார். இசக்கிராஜா பேரவையிலிருந்து நீக்கப்படுவதாகவும், கச்சான் மீதான மதிப்புரை திரும்பப் பெறப்படுவதாகவும் மேடையிலேயே அறிவித்தார். மதிப்புரையே போய்விட்டதால், மதிப்புரைக்கு மதிப்புரையும் ரத்து.

இசக்கிராஜா கீழே இறங்கிப் பெனிஷா பக்கத்தில் வந்து நின்றார். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“கெடுத்துட்டேன்மா.”

“ஆமா அண்ணாச்சி,” என்றாள். “ஆனா, இருவது வருஷமாத் தின்னுதேன்னு சொன்னீங்க பாருங்க...” என்று சொல்லி வாயைப் பொத்திச் சிரித்தாள். “போன் வச்சிருக்கீங்களா? உங்க வாட்ஸப் குழுவுல எங்களப் பத்தி ரெண்டு வரி போடுங்க. அந்தக் கட்டத்துல அதையே போட்டு அனுப்புதேன். தள்ளுனா தள்ளட்டும்.”

அவர் நின்றபடியே போனில் தட்டினார். ‘டிரம்பெட் ஏறிப் போய் பயந்து நிக்கி. கிதார் போய்க் கூட்டிட்டு வருது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.’ அவள் அதை அப்படியே கொச்சிக்கு அனுப்பினாள். கால் மணி நேரத்தில், தேர்வானதாகப் பதில் வந்தது. நம்ப முடியாமல் போன் போட்டுக் கேட்டாள். விழாக்குழுவில் போனை எடுத்த ஆள் நல்லவர், உள்ளதைச் சொல்லிவிட்டார். பாட்டு அவர்களுக்கு முன்பே பிடித்துப்போயிற்றாம். மதிப்புரைக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் கேட்பது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

இதற்குள் மேடையில் வேறொரு சங்கடம். நாற்பது நிமிஷ நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது. பஜ்ஜி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும். மாணவர்கள் நாற்காலியை இழுக்க ஆரம்பித்தார்கள். கிருபாநிதி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“அம்மா, இடைவெளி நிரப்புதல் என்ற தலைப்பில் ஏதாவது செய்யலாம். இசை என்று குறிப்பிட மாட்டோம்.”

“என்னன்னு வேணா குறிச்சுக்கோங்க சார்,” என்று பெனிஷா பெட்டியைத் திறந்தாள்.

நாலாவது பாட்டையே வாசித்தார்கள். டிரம்ஸ்காரர் வரவில்லை, ஜெனோ காலால் தரையைத் தட்டிக்கொண்டான். பாண்டியராஜனும் கிளைட்டனும் பழக்கதோஷத்தில் தாளை எடுத்து, எதிரில் இருந்த தலைவரைப் பார்த்துக் குறிக்க ஆரம்பித்தார்கள். டிரம்பெட் ஏறியது. ஏறி, நின்றது. அந்த வெறும் காற்றில் ஹாலே அசையவில்லை. பிறகு கிதார் வந்தது. அந்த இடத்துக்குப் பின்னால் இருவர் தாளிலும் ஒரு கோடுகூட இல்லை.

பாட்டு முடிந்த கையோடு பஜ்ஜி வந்தது. கூட்டம் சட்னியைத் தேடி வெளியே ஓடியது. பேரவைக்காரர்களும் போனார்கள். தலைவர் கொரைரா மட்டும் மேடையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, படியைக் கையால் பிடித்து இறங்கி, பெனிஷாவிடம் வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா,” என்றார் தாழ்ந்த குரலில், “இந்த மாதிரி... வேற ஏதும் இருக்கா? எங்க கிடைக்கும்?”

இசக்கிராஜாவுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே ஒருமாதிரி ஆகிவிட்டது. சிரிக்கத் தோன்றவில்லை.

“இதுலயே இன்னும் ஏழு இருக்கு சார்,” என்றாள் பெனிஷா.

“இப்ப வாசிக்க முடியுமா? பஜ்ஜி தீந்துரதுக்குள்ள?” அவர் வாசல் பக்கம் பயத்தோடு பார்த்தார். “தம்பி இசக்கிராஜா, செயலாளர் போயிட்டாரான்னு கொஞ்சம் பாருங்களேன்.”

இசக்கிராஜா போய்க் கதவைத் திறந்து பார்த்தார். கிருபாநிதி போகவில்லை. கதவை ஒட்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். பேனா, மூடி போட்டுச் சட்டைப் பையில் இருந்தது. கையில் ஒரு பஜ்ஜி, கடிக்காமல் ஆறிப்போய்.

“வெளிய உக்காந்திருக்கீங்களே சார், உள்ள வாங்க.”

“உள்ளே வந்தால் நான் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்,” என்றார் கிருபாநிதி, அவர் முகத்தைப் பார்க்காமல். “நீங்கள் அந்தக் கதவை மட்டும் சாத்தாமல் விடுங்கள்.”